திருகோணமலை மண்ணில் வில்வம் வளர்த்தெடுக்கும் முறை

திருகோணமலைப் பக்கம் வில்வங்கன்று பட்டுப்போனால் எல்லாரும் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். பட்ட கன்றைக் கிளப்பி வேரைப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். வேர்த்தோல் கறுத்திருக்கும், இரண்டு விரலால் உருவினால் உறை கழன்றதுபோல் கையோடு வரும், புளித்த மணம் அடிக்கும். மார்கழி மழையில் அழுகத் தொடங்கிய கன்று அது. மாசி வெயில் ஏறி இலை வாடும்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. வாடுகிறதே என்று இன்னும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவோம். அத்தோடு முடிந்தது.

எலுமிச்சை, விளா, கறிவேப்பிலை இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் வில்வமும். கல்லு நிலத்திலும் நிற்கும், உவர் கலந்த மண்ணையும் ஓரளவு தாங்கும், 45 பாகை செல்சியஸ் வெயிலுக்கும் அசையாது. வேரடியில் நீர் தேங்கி நிற்பதை மட்டும் பொறுக்காது. ஆகையால் இங்கே வில்வம் வைக்கிறவர் பசளை மூட்டையைத் தேடுவதற்கு முன் மழைக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஐப்பசி நடுவில் மாரி தொடங்கித் தை வரை கொட்டும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் அடிக்கும் (வறுத்துத் தின்கிற கச்சான் இல்லை, மேற்கிலிருந்து வருகிற அந்த வறட்டுக்காற்று). இந்த இரண்டுக்கும் நடுவில் கன்றை வேரூன்ற வைப்பதுதான் வேலை.

கன்று சரியானதா?

மூன்று இலை சேர்ந்திருப்பதெல்லாம் வில்வம் இல்லை. குளக்கரையிலும் ஆற்றோரத்திலும் நிற்கிற மாவிலிங்கத்துக்கும் மூவிலைதான். அதை வில்வம் என்று நம்பி வாங்கி, ஐந்தாறு வருடம் வளர்த்த பிறகு நீண்ட கேசரங்களோடு பெரிய பூ பூத்ததும் திகைத்து நிற்கிறவர்கள் உண்டு. ஒரு இலையைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். வில்வ இலையில் ஊசி முனையால் குத்தினதுபோல் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். இலையைக் கசக்கினால் தேசிக்காய் இலைக்குக் கிட்டத்தட்ட வருகிற ஒரு மணம் எழும். நடு இலைக்குக் காம்பு நீளம், பக்கத்து இரண்டும் காம்பில்லாததுபோல் ஒட்டி நிற்கும். கணுவில் நேரான முள் இருக்கும். மாவிலிங்கத்தில் முள்ளும் இல்லை, இந்த மணமும் இல்லை.

விளாவோடு குழம்புகிறவர்கள் குறைவு. விளாவுக்கு ஒரு காம்பில் ஐந்து, ஏழு சிற்றிலைகள் வரும். அதன் ஓடு சொரசொரப்பு, உள்ளே கபில நிறக் களி. வில்வங்காயின் ஓடு வழுவழுப்பு, உள்ளே மஞ்சள் கலந்த செம்மஞ்சள் சதை.

இலைக்காக மட்டும் மரம் வேண்டுமென்றால் விதைக்கன்றே தாராளம். காய்க்காக என்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள். விதைக்கன்று காய்க்க 7, 8 வருடம் எடுக்கும், காயின் அளவும் ருசியும் தாய்மரத்தைப்போலவே வரும் என்று சொல்ல முடியாது. ஒட்டுக்கன்று 4, 5 வருடத்தில் காய்க்கும்.

விதையிலிருந்து

பழத்தை உடைத்தால் நடுவைச் சுற்றிப் பத்துப் பதினைந்து அறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கண்ணாடிபோல் தெளிந்த பசைக்குள் விதைகள் கிடக்கும். இந்தப் பசைதான் முதல் இடைஞ்சல். அதோடு விதைத்தால் எறும்பு வரும், பூஞ்சணம் பிடிக்கும், விதை முளைக்காமலே அழுகும். ஒரு சட்டியில் விதைகளைப் போட்டு இரண்டு கைப்பிடி அடுப்புச் சாம்பலோ பரும்படி மணலோ சேர்த்துப் பிசைந்து, கழுவி, இரவு முழுக்க நீரில் ஊறவிட்டு, காலையில் மறுபடி பிசையுங்கள். வழுக்கல் போய், மேலே வெள்ளைப் பஞ்சு மயிரோடு தட்டையான விதை கையில் நிற்க வேண்டும். மிதக்கிறதை எறிந்துவிடலாம்.

கழுவிய விதையை நிழலில் ஒரு நாள் உலர்த்தி அந்தக் கிழமையே போட்டுவிடுங்கள். போத்தலில் போட்டு மாரிக்கு வைப்போம் என்று எடுத்து வைத்தால் முளைப்பு வேகமாகக் குறையும். ஆணிவேர் கீழே விறுவிறுவென்று இறங்கும் மரம் என்பதால் கட்டைப் பை உதவாது. 9 அங்குலமாவது உயரமான பொலித்தீன் பை வேண்டும். ஆற்றுமணல், மேல்மண், மக்கிய மாட்டெரு மூன்றும் சம பங்கு. பையின் அடியில் ஆறேழு துளை. விதையை அரை அங்குல ஆழத்தில் படுக்கையாக வைத்து மூடி, பூவாளியால் நனையுங்கள். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் முளை வரும். அதுவரை மேல்மண் காயாமலும் சேறாகாமலும் இருக்க வேண்டும். கிடுகு ஒன்றைச் சாய்த்து வைத்தால் மதிய வெயிலுக்குப் போதும்.

பையைத் தரையில் மாதக்கணக்கில் அசையாமல் வைத்திருந்தால் ஆணிவேர் துளைவழியே நிலத்துக்குள் இறங்கிவிடும். பிறகு தூக்கும்போது அறும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பையைத் தூக்கி இடம் மாற்றுங்கள்.

பழைய மரத்தடியில் தானாக எழும்பும் வேர்க்கன்றுகளும் நல்லவை. தாய்மரத்தின் குணம் அப்படியே வரும் என்பது அதில் இலாபம். அலவாங்கால் நெம்பி அன்றைக்கே பிடுங்குகிறதால்தான் அவை சாகின்றன. கன்றுக்குத் தனி வேர் இல்லை, தாயின் வேரில் தொங்கிப் பால் குடிக்கிறது. முதலில் தாய்மரத்துப் பக்கமுள்ள வேரை மட்டும் கூரான கத்தியால் வெட்டிவிட்டு மண்ணை மூடிவிடுங்கள். ஒன்றரை மாதம் போகட்டும். கன்று வாடாமல் புதுத்தளிர் விட்டால் தன் காலில் நிற்கிறது என்று அர்த்தம். அப்போது ஒரு அடி சுற்றளவுக்கு மண்ணோடு கிளப்பலாம். இதை மழைக்காலத் தொடக்கத்தில் செய்தால் பிழைப்பது அதிகம்.

எங்கே, எப்போது நடுவது

இந்த மாவட்டத்தில் ஒரே நாளில் எல்லா மண்ணிலும் நடக்கூடாது. நிலாவெளி, உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கத்துக் கடற்கரை மணலில் முதல் மழை விழுந்ததும், அதாவது ஐப்பசியிலேயே நட்டுவிட வேண்டும். மணலில் நீர் நிற்காது, மழை முழுவதையும் கன்று வேரிறக்கப் பயன்படுத்திக்கொள்ளும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலோரக் களிமண்ணில் அதே ஐப்பசியில் நட்டால் குழியே கிணறாகிவிடும். அங்கே தை பிறந்து மழை தளர்ந்த பிறகு நடுங்கள். மேட்டுச் செம்மண்ணில் கார்த்திகை நடுப்பகுதி வரை நடலாம்.

குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். கல்லு நிலமென்றால் மூன்றடி. மேல்மண்ணை ஒருபக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவித்து, குழியைப் பத்து நாள் ஆறவிடுங்கள். மணல் நிலத்தில் குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சு மட்டைகளை உட்குழிவு மேலே பார்க்க ஒரு வரிசை அடுக்குங்கள். தென்னங்கன்றுக்குச் செய்கிற அதே வேலைதான், கோடையில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். களிமண்ணில் இதைச் செய்தால் கன்றை நனைந்த பஞ்சில் உட்கார வைத்ததாகிவிடும். அங்கே குழியே வேண்டாம். ஒன்றரை அடி உயரம், நான்கடி அகலத்தில் மண்ணை மேடாக்கி, அதன் உச்சியில் நடுங்கள்.

மேல்மண்ணோடு 10 கிலோ பழைய மாட்டெரு கலந்து நிரப்புங்கள். புது எரு சூடு வைத்து வேரைக் கருக்கும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ நிலத்திலும் அதே மட்டம். தண்டின் கழுத்து மண்ணுக்குள் போனால் அங்கேதான் முதல் அழுகல். மரத்துக்கு மரம் 25 அடி. சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 15 அடியாவது தள்ளி வையுங்கள், வேர்க்கன்று எங்கே முளைக்கும் என்று யாருக்கும் தெரியாது. வாகனம் நிறுத்துகிற இடத்துக்கு மேலே கிளை போகாமலும் பாருங்கள். முற்றின வில்வங்காய் விழுந்த கார்க் கூரையைத் தட்டி நிமிர்த்துவது இலகுவான வேலையில்லை.

முதல் கோடை

மணல் நிலத்தில் நான்கு நாளைக்கு ஒருமுறை 10 லீற்றர். செம்மண்ணில் கிழமைக்கு ஒருமுறை 15 லீற்றர். களிமண்ணில் விரலை மூன்று அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். தண்டோடு ஒட்டி ஊற்றாமல் ஒன்றரை அடி தள்ளி வட்டமாக வாய்க்கால் இழுத்து ஊற்ற வேண்டும். வேர் நீரைத் தேடிப் போகட்டும். இரண்டாம் கோடையில் இதில் பாதி போதும். மூன்றாம் கோடைக்குப் பிறகு மரம் உங்களைக் கேட்காது.

கச்சானுக்கு மேற்குப் பக்கம் ஒரு கிடுகு மறைப்பும், ஒரு முட்டுக்கம்பும் வேண்டும். கயிறு தண்டை அறுக்கும். பழைய சேலைக் கிழிசலை எட்டு வடிவில் சுற்றி, தண்டு சற்று ஆடுகிற அளவு தளர்வாகக் கட்டுங்கள். ஆடாத தண்டு தடிக்காது.

பட்டணத்துக்குள் இருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, மான். பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் வீதிகளிலும் திரிகிற புள்ளிமான்கள் படலை திறந்திருந்தால் முற்றத்துக்கே வரும். தளிரை மேய்வதோடு போகாது, கொம்பைத் தண்டில் தேய்த்துப் பட்டையைச் சுற்றிவர உரித்துவிடும். சுற்றிவர உரிந்த கன்று பிழைக்காது. ஐந்தடி உயரக் கம்பிவலையை, கன்றிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாக நிறுத்துங்கள். ஒட்டி நிறுத்தினால் கழுத்தை நீட்டித் தின்னும். கட்டாக்காலி ஆடு மாட்டுக்கும் இதே வேலிதான்.

பூச்சியில் ஒன்றைத்தான் பெரிதாகக் கவனிக்க வேண்டும். கறுப்பும் மஞ்சளுமாகப் பறக்கிற எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வில்வத் தளிரில் முட்டையிடும். குஞ்சுப் புழு பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக் கிடப்பதால் கண்ணில் படாது. வளர்ந்தால் பச்சையாகிவிடும். தொட்டுப் பார்த்தால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பொன்றை நீட்டும், குப்பென்று ஒரு நாற்றம் வரும். ஐம்பது இலைகூட இல்லாத கன்றை நான்கைந்து புழுக்கள் சில நாட்களில் மொட்டையாக்கிவிடும். காலையில் தளிரின் மேற்புறத்தைப் பார்த்துக் கையாலேயே பொறுக்குங்கள். பூசைக்கும் தேநீருக்கும் பறிக்கிற மரத்தில் மருந்தடிக்க வேண்டாம். ஆளுயரம் தாண்டிய மரத்தில் புழுவை விட்டுவிடலாம், மரமும் தாங்கும், வண்ணத்துப்பூச்சியும் பிழைக்கும். கறிவேப்பிலையும் தேசியும் பக்கத்திலேயே நின்றால் புழு அதிகம்.

இலை பறித்தல்

கோணேச்சரத்தின் தலவிருட்சம் கல்லாலமரம். ஆனாலும் அந்தக் கோயில் நிற்கிற சாமிமலைக்கு ஏறுகிற அருச்சனைத் தட்டில் வில்வம் இல்லாமல் இராது. திங்கட்கிழமை, சதுர்த்தி, அட்டமி, நவமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி, மாதப்பிறப்பு இந்த நாட்களில் பறிப்பதில்லை என்பது சைவர் வழக்கம். சிவராத்திரி சதுர்த்தசியில் வருவதால் அன்று காலையில் கொக்கத்தடியோடு ஓடுவது வழக்கத்துக்கும் பிழை, மரத்துக்கும் பிழை. முதல் நாளே பறித்து வையுங்கள்.

கிளையை ஒடிக்காமல், இலைக்காம்பின் அடியில் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஒடித்த இடத்தில் பட்டை கிழிந்து மழைநீர் இறங்கும். மூன்று இலையும் முழுசாக, ஓட்டை, புள்ளி, புழுக்கடி இல்லாததாகப் பாருங்கள். ஒரு தடவையில் மரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த கன்றைத் தொடவே வேண்டாம்.

பறித்த இலையைக் கழுவாமல், ஈரத்துணியில் சுற்றிப் புதுப்பானையில் வைத்தால் மூன்று நாலு நாள் நிற்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கிழமை. கழுவி வைத்தால் கறுக்கும், சாத்தும் நேரத்தில் கழுவுங்கள். வில்வத்துக்குப் பழைமைக் குற்றம் இல்லை, உலர்ந்ததையும் ஆறு மாதம் வரை சாத்தலாம் என்பார்கள். சாத்துகிறபோது காம்பின் நுனியில் இருக்கிற தடித்த கணுவைக் கிள்ளிவிட்டு, பளபளப்பான மேற்புறம் இலிங்கத்தில் படும்படி கவிழ்த்து வைப்பது முறை.

ஒரு சிக்கல் உண்டு. வில்வம் இலையுதிர்க்கிற மரம். மாசி, பங்குனியில் சில மரங்கள் மஞ்சளித்துக் கொட்டத் தொடங்கும், நமக்கு இலை வேண்டியதும் அப்போதுதான். கார்த்திகைக் கடைசியில் மரத்தின் ஒரு பக்கத்துச் சிறு கொப்புகளை மட்டும் ஒரு முழ நீளம் வெட்டிவிட்டால், அந்தப் பக்கம் மழையீரத்தில் தளிர்த்து மாசிக்கு முற்றின இலையாக நிற்கும். முழு மரத்தையும் வெட்டிவிட்டால் அந்த வருடக் காய் குறையும்.

பூவும் காயும்

சிங்களத்தில் பெலிமல் என்று கடைகளில் விற்கிறது இதன் காய்ந்த பூதான். பறிக்கத் தேவையில்லை. மரத்தடியில் இரவே வெள்ளைத் துணி விரித்துவிட்டு, விடியற்காலையில் விழுந்ததைப் பொறுக்குங்கள். வெயில் ஏறினால் எறும்பு முந்திக்கொள்ளும். சுளகில் ஒரே படையாகப் பரப்பி, நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள். வெயிலில் போட்டால் மணம் போய் வைக்கோல்தான் மிஞ்சும். விரலுக்குள் நொறுங்கும் பதம் வந்ததும் கண்ணாடிப் போத்தலில் அடையுங்கள். கடற்கரையில் இருக்கிறவர்கள் போத்தலை முதலில் வெயிலில் சுடவைத்து ஆறவிட்டுப் போடவேண்டும். உப்புக்காற்றின் ஈரம் ஒரு கிழமையில் பூஞ்சணம் கொண்டுவரும். ஒரு மேசைக்கரண்டி பூவுக்கு அரை லீற்றர் நீர், ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, பனங்கட்டியோ கித்துள் கட்டியோ கடித்துக்கொண்டு குடிக்கலாம்.

காய் பூவிலிருந்து பழுக்கப் பத்துப் பதினொரு மாதம் செல்லும். மருந்துக்கும் தின்பதற்கும் பதம் வேறு. வயிற்றோட்டத்துக்கு நாட்டு வைத்தியத்தில் எடுப்பது முற்றின, ஆனால் பழுக்காத காய். துவர்ப்பு அதில்தான். நன்றாகக் கனிந்த பழம் மலத்தை இளக்கும். இதைத் தெரியாமல் வயிற்றோட்டக்காரருக்குப் பழச்சாறு கரைத்துக் கொடுக்கிறார்கள்.

காயை வாளால் அரை அங்குலத்துக்கும் குறைந்த வில்லைகளாக அறுத்து, ஓட்டோடு மூன்று முதல் ஐந்து நாள் வெயிலில் காயவையுங்கள். சதை வளையாமல் முறிந்தால் பதம். 20 கிராமளவு வில்லையை இடித்து நான்கு குவளை நீரில் போட்டு ஒரு குவளையாக வற்றவைத்த கசாயம்தான் வீட்டுப் பக்குவம். இது ஜீவனிக் கரைசலுக்கு (வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் குடிப்பது) மாற்று இல்லை. குழந்தைக்கு என்றாலோ, மலத்தில் இரத்தம், காய்ச்சல், ஒரு நாளுக்கு மேல் நிற்காத போக்கு என்றாலோ நேரே ஆசுபத்திரிக்குப் போங்கள். நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் வில்வ இலைச் சாற்றைத் தினமும் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்க இடமுண்டு, வைத்தியரிடம் சொல்லாமல் தொடங்கக்கூடாது. கர்ப்பிணிகள் இலையை மருந்தாக எடுக்காமல் இருப்பது நல்லது. வில்வ வேர், ஆயுர்வேதத்தில் தசமூலம் என்று சொல்கிற பத்து மருந்து வேர்களில் ஒன்று. அதற்காக வளர்ந்த மரத்தின் வேரை வெட்டாதீர்கள், நாட்டு மருந்துக் கடையில் வாங்குங்கள்.

நீண்ட வறட்சிக்குப் பிறகு திடீர் மழை பெய்தால் காய் மரத்திலேயே வெடிக்கும். ஓடு காய்ந்து இறுகியிருக்க உள்சதை நீரை இழுத்து வீங்குவதுதான் காரணம். காய் முற்றுகிற காலத்தில் மட்டும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை நனைத்து, அடியில் சருகு பரப்பி வைத்தால் வெடிப்பு குறையும்.

ஓட்டின் பச்சை மஞ்சளுக்குத் திரும்பி, காம்படியில் முகர்ந்தால் இனிய மணம் வந்தால் பழம். சதையை வழித்து அதே அளவு நீரில் இருபது நிமிடம் ஊறவிட்டுக் கையால் கரைத்து அரிதட்டில் வடியுங்கள். மின்னரைப்பானில் விதையோடு அடித்தால் பசையும் கசப்பும் சேர்ந்து குடிக்க முடியாததாகிவிடும்.

திருநீற்றுக் குடுக்கை

வில்வ ஓட்டில் திருநீறு வைப்பது பழைய சைவ வீட்டு வழக்கம். பிளாஸ்டிக் டப்பாவில் கட்டிபடுகிற திருநீறு இதில் உதிரியாகவே இருக்கும். கைக்குள் அடங்குகிற, கீறல் இல்லாத, முற்றின காயாக எடுங்கள். சுண்டிப் பார்த்தால் கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் எங்கோ வெடிப்பு இருக்கிறது.

காம்புப் பக்கம் ஒன்றேகால் அங்குல வட்டம் கீறி, மெல்லிய வாள் அலகால் சுற்றிவரச் சிறிது சிறிதாக அறுங்கள். ஒரே இடத்தில் அழுத்தினால் விரிசல் கீழ்வரை ஓடும். அறுத்த வட்டமே மூடி. வளைந்த கரண்டிக் காம்பால் சதையைத் தோண்டி எடுத்த பிறகு மூன்று நாள் நீரில் போட்டு, நாளுக்கு ஒருமுறை நீர் மாற்றுங்கள். பின் ஒரு கைப்பிடி பருமணலும் கொஞ்ச நீரும் விட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பத்து நிமிடம் குலுக்குங்கள். உட்சுவரைத் தடவினால் வழுக்கக்கூடாது. வழுக்கினால் இன்னும் பசை ஒட்டியிருக்கிறது, எறும்பு தேடி வரும்.

காயவைப்பது நிழலில், வாய் கீழே பார்க்க, பத்து நாள். வெயிலில் வைத்தால் இரண்டாம் நாளே வெடிக்கும், அதுவரை செய்த வேலை வீண். காய்ந்த பிறகு வெளியே சான்ட் பேப்பரால் தேய்த்து, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, மறுநாள் துடைத்துவிடுங்கள். உள்ளே எண்ணெய் படவே கூடாது. முதலில் ஒரு கரண்டி திருநீறு மட்டும் போட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள். அது ஈரம் பிடித்து ஓட்டில் அப்பினால் குடுக்கை இன்னும் காயவில்லை. கொட்டிவிட்டு மறுபடி நிழலில் கவிழ்த்து வையுங்கள்.